இசை வகுப்பில் சேர்த்தால் மூளை வளருமா? ஆறு வயது மகளுக்காகக் கேட்கிறேன்

#1 கடைமடை (திருவாரூர்)

வணக்கம். மகள் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறாள். எங்கள் தெருவுக்கு அருகில் புதிதாக ஓர் இசைப் பயிற்சி நிலையம் திறந்திருக்கிறார்கள். பெயர் வேண்டாம். வீடுவீடாகக் கொடுத்த துண்டறிக்கையில் ராகம், தாளம் என்ற பேச்சே இல்லை. மூளையின் படத்தைப் போட்டு, "இரண்டு பக்க மூளையும் வேலை செய்யும், ஐ.க்யூ. உயரும், கணக்கில் முதலிடம்" என்று அச்சடித்திருக்கிறார்கள். மாதக் கட்டணம் பள்ளி வேனுக்குக் கொடுப்பதைவிட அதிகம்.

சேர்த்துவிடலாம் என்கிறாள் மனைவி. "சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த ஊரில் பாட்டுக் கற்க மூளைப் படம் எதற்கு" என்கிறார் என் அம்மா. உண்மையில் இதைப் பற்றி ஆராய்ச்சி நடந்திருக்கிறதா? குழந்தைகளை வைத்து யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? வாட்ஸ்அப்பில் சுற்றுவது வேண்டாம். அது என்னிடமே நிறைய இருக்கிறது.

#2 வெள்ளைப்பூண்டு (கோவை)

வகுப்பெல்லாம் எதற்கு அண்ணா? மொசார்ட் சிடி ஒன்றை வாங்கித் தொட்டில் பக்கத்தில் போட்டுவிட்டால் பிள்ளை மேதை ஆகிவிடும் என்றார்களே. அமெரிக்காவில் அரசாங்கமே இதற்குப் பணம் ஒதுக்கியதாகப் படித்தேன்.

#3 மோட்டுவளை (சென்னை)

பூண்டு, அந்தக் கதையை இப்போதே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இழை முடியும்வரை யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

1993இல் கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ் ராஷரும் உடன் இருவரும் 36 கல்லூரி மாணவர்களைச் சோதித்தார்கள். மொசார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டா ஒன்றைப் பத்து நிமிடம் கேட்கவைத்து, உடனே வடிவங்களை மனத்தில் வைத்துப் பார்க்கும் கணக்குகளைக் கொடுத்தார்கள். மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும் என்கிற வகை. அமைதியாக உட்கார்ந்திருந்த பிறகு செய்ததைவிடச் சற்று நன்றாகச் செய்தார்கள். கால் மணி நேரத்தில் அந்தக் கூடுதல் போய்விட்டது. ஆய்வில் குழந்தையும் இல்லை, பயிற்சியும் இல்லை. 'நேச்சர்' இதழில் வந்தது ஒரு பக்கக் குறிப்பு.

1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஓர் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் வேண்டும் என்று பட்ஜெட்டில் கேட்டார். பூண்டு படித்தது இதைத்தான்.

அடுத்த ஆண்டு கனடாவில் ஒரு வேடிக்கையான சோதனை. மொசார்ட்டுக்குப் பதிலாக ஒரு சிறுகதையைப் படித்துக் காட்டினார்கள். கதை பிடித்தவர்களுக்குக் கதை கேட்ட பிறகு மதிப்பெண் கூடியது, இசை பிடித்தவர்களுக்கு இசை கேட்ட பிறகு கூடியது. பிடித்ததைக் கேட்டால் மனம் சுறுசுறுப்பாகிறது, சுறுசுறுப்பான மனம் கொஞ்ச நேரம் நன்றாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். 2010இல் வியன்னாவில் கிட்டத்தட்ட 40 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், மொசார்ட்டுக்கென்று தனி மகிமை எதுவும் தெரியவில்லை என்று முடித்தார்கள். வியன்னாவிலேயே இப்படிச் சொல்லிவிட்டார்கள் என்பதைக் கவனிக்கவும்.

#4 செவிப்பறை (வேலூர்)

காது கேட்கும் திறனைச் சோதிப்பது என் தொழில். மூளை நிபுணன் அல்ல, ஆனால் காதிலிருந்து மூளைக்குப் போகும் சமிக்ஞையைத் தினமும் திரையில் பார்ப்பவன்.

கடைமடை, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இசைப் பயிற்சியால் மூளை மாறுகிறதா என்பது ஒன்று. அந்த மாற்றத்தால் பிள்ளை கணக்கில் கெட்டிக்காரி ஆவாளா என்பது மற்றொன்று. துண்டறிக்கைக்காரர்கள் முதல் கேள்விக்கான சான்றைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள்.

முதல் கேள்விக்குச் சான்றுகள் வலுவாகவே இருக்கின்றன. 1995இல் ஜெர்மனியில் தாமஸ் எல்பெர்ட் குழுவினர் கம்பி வாத்தியக்காரர்கள் ஒன்பது பேரை எடுத்துக்கொண்டார்கள். விரல் நுனியை லேசாகத் தொட்டு, மூளையின் தொடுவுணர்வுப் பகுதியில் எழும் காந்த அலைகளை அளந்தார்கள். கம்பியை அழுத்தும் இடது கை விரல்களுக்கு மற்றவர்களைவிட வலுவான எதிர்வினை. சுண்டுவிரலுக்கு மிக அதிகம், வாத்தியத்தின் கழுத்தைத் தாங்கிப் பிடிக்கும் கட்டைவிரலுக்குக் குறைவு. வில்லைப் பிடிக்கும் வலது கையில் வித்தியாசமே இல்லை! ஒரே மனிதர், ஒரே மூளை, எந்தக் கைக்கு நுணுக்கமான வேலையோ அந்தக் கைக்கு மட்டும் மாற்றம். எவ்வளவு சிறு வயதில் தொடங்கினார்களோ அவ்வளவு அதிகம்.

அதே ஆண்டு காட்ஃப்ரைட் ஷ்லாக், மூளையின் இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை அளந்தார். ஏழு வயதுக்கு முன்பே பயிற்சி தொடங்கிய இசைக்கலைஞர்களிடம் அதன் முன்பகுதி பெரிதாக இருந்தது. இரண்டு கைகளும் வெவ்வேறு வேலையை ஒரே கணத்தில் செய்ய வேண்டும் என்றால் இரு பக்கமும் ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும் அல்லவா? "இரண்டு பக்க மூளை" என்று துண்டறிக்கையில் வருவதற்கு மூலம் இதுதான் என்று நினைக்கிறேன்.

#5 மோட்டுவளை (சென்னை)

> எவ்வளவு சிறு வயதில் தொடங்கினார்களோ அவ்வளவு அதிகம்.

இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நாலு வயதில் வயலினைக் கையில் எடுத்து முப்பது வயதுவரை விடாமல் வாசிப்பவர் யார்? காதும் கையும் பிறப்பிலேயே தோதாக அமைந்தவர். அமையாதவர்கள் இரண்டாம் மாதமே நின்றுவிட்டார்கள், அவர்களை யாரும் அளக்கவில்லை. வளர்ந்த கலைஞரையும் மற்றவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தால், பயிற்சியால் வந்தது எது, கூடவே பிறந்தது எது என்று பிரிக்கவே முடியாது. பிள்ளைகளைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு இருந்தால் சொல்லுங்கள்.

#6 செவிப்பறை (வேலூர்)

இருக்கிறது. கிறிஸ்டா ஹைட், ஷ்லாக் முதலானோர் 2009இல் வெளியிட்டது. ஆறு வயதை ஒட்டிய 31 குழந்தைகள். 15 பேருக்கு வாரம் அரை மணி நேரம் தனி ஆசிரியரிடம் கீபோர்டு. மீதி 16 பேருக்குப் பள்ளியில் எல்லாரும் சேர்ந்து பாடும் வழக்கமான வகுப்பு மட்டும். தொடங்கும் முன் மூளையைப் படம் எடுத்தார்கள், இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. 15 மாதம் கழித்து மறுபடி எடுத்தார்கள். கீபோர்டு வாசித்த பிள்ளைகளிடம் கைவிரல் இயக்கப் பகுதி, கேட்கும் பகுதி, நரம்புப் பாலம் மூன்றிலும் வளர்ச்சியின் போக்கு வேறாக இருந்தது. விரல் வேகமும், மெட்டையும் தாளத்தையும் பிரித்தறியும் திறனும் அந்த மாற்றத்துக்கு ஏற்பவே கூடியிருந்தன.

அந்தக் குழந்தைகளுக்குச் சொல்வளம், வடிவக் கணக்கு போன்ற சோதனைகளும் வைத்தார்கள். அவற்றில் இரு குழுவுக்கும் வித்தியாசம் வரவில்லை. இந்த இரண்டாவது பாதி எந்தத் துண்டறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

#7 மோட்டுவளை (சென்னை)

நல்ல ஆய்வுதான். ஆனால் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை. கீபோர்டு வகுப்பில் சேர்க்க முன்வந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். அதிலும் கீபோர்டு பக்கம் 15 பேர்தான்.

#8 பனிக்காற்று (ஸ்கார்பரோ, கனடா)

சீட்டுக் குலுக்கிப் போட்ட ஆய்வு எங்கள் ஊரிலேயே நடந்தது. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் க்ளென் ஷெலன்பெர்க் 2004இல் வெளியிட்டார். இங்கே சங்கீத வகுப்பு வாசல்களில் காத்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள், முழுதாக அல்ல.

ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேர். நான்கு குழு: கீபோர்டு, வாய்ப்பாட்டு, நாடகம், ஒன்றும் இல்லை. எந்தக் குழு என்பது குலுக்கலில். வகுப்பு இலவசம், ஓர் ஆண்டு. முன்னும் பின்னும் முழு ஐ.க்யூ. சோதனை. நான்கு குழுவுக்கும் எண் கூடியது, அந்த ஆண்டுதான் முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிள்ளைகள் அல்லவா? இசைக் குழுக்களுக்கு ஏறத்தாழ 7 புள்ளி, மற்ற இரண்டுக்கும் 4 புள்ளி சொச்சம். ஆக இசையால் வந்த கூடுதல் மூன்று புள்ளிக்கும் குறைவு.

நாடகம் படித்த பிள்ளைகளுக்கு ஐ.க்யூ. அப்படிக் கூடவில்லை, ஆனால் மற்றவர்களோடு பழகும் விதம் மேம்பட்டது. இசைக் குழுவில் அது நடக்கவில்லை. என் மகன்களைப் பார்த்தால் இரண்டாவது செய்திதான் எனக்குப் பயன்படும் போலிருக்கிறது. மூத்தவன் மிருதங்கம், இளையவன் வயலின், இருவருக்கும் நாள் முழுதும் சண்டை.

#9 மோட்டுவளை (சென்னை)

மூன்று புள்ளி என்பது அதே பிள்ளை இன்னொரு நாள் எழுதினாலே ஏறி இறங்கும் அளவு. குழுச் சராசரியாக அது கணக்கில் வரும், உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கண்ணுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வந்தவற்றையும் சேர்த்துப் பாருங்கள். 2013இல் ஹார்வர்டில் சாமுவேல் மேர், எலிசபெத் ஸ்பெல்கி முதலானோர் நான்கு வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு சோதனைகள் நடத்தினார்கள். நம்பத்தகுந்த பலன் எதுவும் இல்லை. 2020இல் ஜோவானி சாலா, ஃபெர்னான்ட் கோபே இருவரும் 54 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 7,000 குழந்தைகளின் தரவைத் திரட்டினார்கள். ஒப்பீட்டுக் குழு சும்மா வீட்டில் இருந்தால் இசைக்குப் பலன் இருப்பதுபோல் தெரிகிறது. அந்தக் குழுவுக்கும் ஓவியமோ நாடகமோ சொல்லிக் கொடுத்து, குலுக்கலிலும் பிரித்துவிட்டால் பலன் சுழியத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. அதாவது ஒரு பெரியவர் அக்கறையோடு பிள்ளையுடன் உட்கார்ந்து எதையாவது சொல்லிக் கொடுத்தாலே அந்த அளவு கிடைக்கிறது.

#10 செவிப்பறை (வேலூர்)

ஹார்வர்டு சோதனை ஆறு வாரம்தான் நடந்தது என்பதையும் சொல்லியிருக்கலாம், மோட்டுவளை. ஆறு வாரத்தில் நாலு வயதுப் பிள்ளை வகுப்பறையில் அழாமல் உட்காரக் கற்றுக்கொள்ளும். சாலா, கோபே கணக்கை 2022இல் பிகான், டில்மன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் மறுபடி போட்டுப் பார்த்து, சிறிய பலன் மிஞ்சுகிறது என்றார்கள். சண்டை ஓயவில்லை. ஆனால் "சிறியதா, சுழியமா" என்பதுதான் சண்டை. "கணக்கில் முதலிடம்" என்பது இரு தரப்பிலும் யாரும் சொல்லாதது.

#11 திஸ்ரநடை (திருச்சி)

வீணையும் வாய்ப்பாட்டும் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் பதிவைப் படித்ததிலிருந்து எனக்கு அந்தத் துண்டறிக்கை மீதுதான் கோபம். படியேறினால் முழங்கால் வலுப்படும் என்று சொல்லி மலைக்கோட்டைக்குப் பக்தர்களைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது.

ஆனாலும் நீங்கள் எல்லாரும் "பயிற்சி, பயிற்சி" என்கிறீர்களே, அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று யாருமே சொல்லவில்லை. சரளி வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். மாயாமாளவகௌளை, ஆதி தாளம். பிள்ளை வாயால் சுரம் பாடுகிறது. வலது கை தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு இரண்டு முறை தட்டித் திருப்புதல். காது தம்புராவில் இருக்க வேண்டும், விலகினால் தானே உணர்ந்து சரிசெய்ய வேண்டும். இது முதல் காலம். இரண்டாம் காலத்தில் கை அதே வேகம், வாய் இரட்டிப்பு. மூன்றாம் காலத்தில் வாய் நான்கு மடங்கு, கை அசையக் கூடாது, அதாவது வேகம் மாறக் கூடாது. முதல் மாதத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாயோடு சேர்ந்து கையும் ஓடும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் என் வேலை. பிறகு ஒருநாள் கை தன்பாட்டுக்கு நிற்கும், வாய் தன்பாட்டுக்கு ஓடும்.

இதனால் மூளையில் எங்கே என்ன வளர்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். மதிப்பெண் விஷயம் கேட்டால், என்னிடம் பாடத்தில் முதலிடம் வருகிறவர்களும் இருக்கிறார்கள், தேறுவதற்கே திணறுகிறவர்களும் இருக்கிறார்கள். திணறுகிறவர்களில் ஒருவன் பல்லவிக்கு நடை மாற்றிப் போடும் கணக்கு எனக்கே வியர்க்கும். அதே கணக்கைப் பள்ளித் தாளில் பின்னமாகக் கேட்டால் விழிப்பான்.

#12 செவிப்பறை (வேலூர்)

டீச்சர், நீங்கள் விவரித்ததைத்தான் ஆய்வாளர்கள் கேட்டலும் இயக்கமும் பின்னிக்கொள்வது என்கிறார்கள். ஜெர்மனியின் மார்க் பாங்கெர்ட், எக்கார்ட் ஆல்டன்முல்லர் 2003இல் பியானோ தெரியாதவர்களுக்கு அதைப் பழக்கினார்கள். ஒரே ஒரு இருபது நிமிட அமர்வுக்குப் பிறகே, சும்மா ஒலியைக் கேட்கும்போது கையை இயக்கும் பகுதியிலும் மின்னலைகளில் மாற்றத்தின் அறிகுறி தெரிந்தது. ஐந்து வாரப் பயிற்சியில் அது உறுதிப்பட்டது. காது கேட்கிறது, கை உள்ளுக்குள் எழுந்துகொள்கிறது. கச்சேரியில் மிருதங்கக்காரர்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவர்கள் விரல்களைப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இரண்டு ஆய்வுகள் லாஸ் ஏஞ்சலஸில் நடந்தவை. முதலாவது, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நீனா கிரவுஸ் செய்தது. வன்முறைக் கும்பல்கள் நடமாடும் ஏழைக் குடியிருப்புகளில் 'ஹார்மனி ப்ராஜெக்ட்' என்ற அமைப்பு இலவசமாக இசை சொல்லிக் கொடுக்கிறது. இடம் கிடைக்கக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலையே ஒப்பீட்டுக் குழுவாக்கினார்கள்: பாதிப் பேருக்கு இப்போதே வகுப்பு, மீதிப் பேருக்கு ஓர் ஆண்டு கழித்து. "பா", "கா" என்ற இரு ஒலிகளையும் (மெல்லோசையோடு, ஆங்கிலத்தில் உச்சரிப்பதுபோல்) கேட்கும்போது நரம்பு மண்டலம் அவற்றை எவ்வளவு துல்லியமாகப் பிரிக்கிறது என்று அளந்தார்கள். ஓர் ஆண்டு முடிவில் ஒன்றும் இல்லை. இரண்டு ஆண்டு முடிவில் வித்தியாசம் தெரிந்தது. 2014இல் வெளிவந்தது.

இரண்டாவது, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அசல் ஹபீபி, ஆன்டோனியோ டமாசியோ, ஹானா டமாசியோ 2012இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு. லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் நடத்தும் இளையோர் இசைக்குழுவில் சேர்ந்த ஆறேழு வயதுப் பிள்ளைகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கால்பந்துப் பயிற்சிக்குப் போன பிள்ளைகள். மூன்றாவது, இரண்டுக்கும் போகாதவர்கள். பயிற்சி என்றால் எந்தப் பயிற்சியானாலும் சரிதானா என்ற மோட்டுவளையின் கேள்விக்குக் கால்பந்துதான் பதில். இரண்டு ஆண்டில், ஒலியைக் கையாளும் மூளைப்பாதை இசைப் பிள்ளைகளிடம் மற்ற இரு குழுவைவிட விரைவாக முதிர்ந்திருந்தது.

#13 ஒற்றைவிரல் (பெங்களூரு)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாற்பதைக் கடந்து கீபோர்டு தொடங்கியிருக்கிறேன். என் போன்றவர்களுக்கு ஏதாவது உண்டா, ஏழு வயதோடு கதவு மூடிவிட்டதா?

#14 செவிப்பறை (வேலூர்)

பாங்கெர்ட் சோதித்தவர்கள் எல்லாருமே வளர்ந்தவர்கள்தான், கவலை வேண்டாம். சில விஷயங்களில் இளமைத் தொடக்கத்துக்குக் கூடுதல் பலன் இருக்கிறது, மற்றதெல்லாம் நெகிழ்வாகவே இருக்கிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களுக்கு 1973 முதலே பாஸ்டனில் மெட்டோடு சொற்களைச் சொல்லவைத்துப் பேச்சை மீட்கும் சிகிச்சை முறை உருவாகியது. 2011இல் தலையில் குண்டு பாய்ந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸுக்கும் இசைச் சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு சொல்லைச் சொல்ல முடியாதவர்கள் அதையே பாட்டாகப் பாடிவிடுவதை நானும் மருத்துவமனையில் பார்த்திருக்கிறேன்.

#15 மோட்டுவளை (சென்னை)

செவிப்பறை சொல்லாமல் விட்ட ஒன்று. கிரவுஸ் ஆய்வகம் வளர்ந்த இசைக்கலைஞர்களைப் பற்றியும் பல ஆண்டுகளாக ஒன்று சொல்லிவந்தது: மூளைத்தண்டு மட்டத்திலேயே, அதாவது ஒலி மூளைக்குள் நுழையும் தொடக்கத்திலேயே, அவர்களிடம் பதிவு துல்லியமாக இருக்கிறது என்று. 2025இல் ஆறு ஆய்வகங்கள் சேர்ந்து, 260க்கும் மேற்பட்டோரை வைத்து, அளவிடும் முறையை முன்பே பதிவுசெய்துவிட்டு அதைத் திரும்பச் செய்துபார்த்தன. கெல்லி வைட்ஃபோர்டு, ஆண்ட்ரூ ஆக்சன்ஹாம் முதலானோர். இசைப் பயிற்சிக்கும் அந்த ஆரம்பக்கட்டப் பதிவுக்கும் தொடர்பே தெரியவில்லை. பழைய ஆய்வுகள் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பாருங்கள், காரணம் புரியும்.

இன்னொன்று ஸ்வீடன். பத்தாயிரத்துக்கும் அதிகமான இரட்டையர்களை மிரியம் மோசிங், ஃப்ரெட்ரிக் உல்லேன் குழுவினர் ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களில் ஒருவர் ஆயிரக்கணக்கான மணி நேரம் கூடுதலாகச் சாதகம் செய்திருந்தாலும், அவருடைய ஐ.க்யூ. உடன்பிறந்தவரைவிட அதிகமாக இல்லை. பயிற்சிக்கும் அறிவுக்கும் தொடர்பு தெரிவது பெரிதும் பொதுவான மரபணுவால்தான் என்றார்கள். போய்ப் பாடுங்கள், வாசியுங்கள், நானே தூங்கும் முன் நாகஸ்வரம் கேட்கிறவன்தான். ஐ.க்யூ. பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள்.

#16 செவிப்பறை (வேலூர்)

ஆறு ஆய்வகச் செய்தி முக்கியமானதுதான். ஆனால் அது வளர்ந்தவர்களின் கீழ்மட்டப் பதிவைப் பற்றியது. ஹபீபி அளந்தது பிள்ளைகளின் மேல்மட்டப் பதிவை. ஒன்று விழுந்தால் மற்றதும் விழுந்தாக வேண்டும் என்றில்லை. மூளைத்தண்டு பற்றி என் துறைப் பாடப்புத்தகங்கள் சிலவற்றைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும், அது வேறு.

ஸ்வீடன் இரட்டையர்களுக்கு வருகிறேன். அதே உல்லேன் 2018இல் ஓர்யான் டி மன்சானோவுடன் சேர்ந்து, ஒருவர் பியானோ வாசிக்கிறவர், மற்றவர் வாசிக்காதவர் என்று அமைந்த ஒற்றைக்கரு இரட்டையர் சிலரைத் தேடிப்பிடித்து மூளையைப் படம் எடுத்தார். மிகச் சிலர்தான், ஒப்புக்கொள்கிறேன். வாசிப்பவரிடம் கேட்டலையும் கையையும் இணைக்கும் பகுதிகளில் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, தடித்திருந்தது, இணைப்பு நார்களும் வேறுபட்டிருந்தன. மரபணு ஒன்றே, மூளை வேறு. அறிவு எண்ணைப் பயிற்சி தொடவில்லை என்ற அதே குழுதான் மூளையின் வடிவத்தை அது தொட்டிருக்கிறது என்றும் காட்டியது. நான் நாலாவது பதிவில் இரண்டு கேள்வி என்று பிரித்ததற்கு இதைவிட நேரான சான்று கிடைக்காது.

#17 வெள்ளைப்பூண்டு (கோவை)

ஒலியைக் கேட்டவுடன் இது எந்தச் சுரம் என்று சொல்லிவிடும் திறமையைப் பழக்கும் செயலி ஒன்று வந்திருக்கிறதே. பிள்ளைக்கு ஆறு வயதுக்குள் கொடுத்தால்தான் ஆகும் என்கிறார்கள். உண்மையா, இல்லை அதுவும் மொசார்ட் சிடியா?

#18 செவிப்பறை (வேலூர்)

பாதி உண்மை. அந்தத் திறன் உள்ளவர்கள் பெரும்பாலும் ஆறேழு வயதுக்குள் பயிற்சி தொடங்கியவர்கள். டயானா டாய்ச் 2006இல் பெய்ஜிங் இசைக்கல்லூரி மாணவர்களையும் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளி மாணவர்களையும் ஒப்பிட்டார். நாலைந்து வயதில் தொடங்கியவர்களில், சீனர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கு அது இருந்தது. அமெரிக்கர்களில் 14 சதவீதம். சீன மொழியில் சுருதி மாறினால் சொல்லே மாறிவிடும் என்பதால், குழந்தைக் காது அதற்குப் பழகிவிடுகிறது என்பது அவருடைய விளக்கம்.

#19 திஸ்ரநடை (திருச்சி)

நமக்கு அது தேவையும் இல்லை தம்பி. ஒருவருக்குச் சுருதி ஒரு கட்டை, இன்னொருவருக்கு ஐந்து கட்டை, தொடக்கச் சுரமான ஷட்ஜம் பாடுகிறவரின் குரலைப் பொறுத்தது. அந்த ஷட்ஜத்திலிருந்து மற்ற சுரங்கள் எவ்வளவு தூரம் என்பதுதான் நம் பாட்டு. பிள்ளையைச் சுருதிப்பெட்டிக்கு முன்னால் உட்காரவையுங்கள், செயலி வேண்டாம்.

#20 பனிக்காற்று (ஸ்கார்பரோ, கனடா)

செவிப்பறை அண்ணாவிடம் ஒன்று. இளையவனுக்கு அரங்கேற்றம் நெருங்குகிறது, நாளுக்கு நான்கு மணி நேரம் வாசிக்கிறான். பயிற்சி கூடக் கூட மூளைக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

#21 செவிப்பறை (வேலூர்)

வேண்டாம். மாற்றம் எல்லாமே முன்னேற்றம் அல்ல. தொழில்முறைக் கலைஞர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு விரல்கள் தன்னிச்சையாக மடங்கிக்கொள்ளும் கோளாறு வருகிறது. வலி இருக்காது, வேறு வேலைக்குக் கை சரியாக இருக்கும், வாத்தியத்தைத் தொட்டால் மட்டும் விரல் கேட்காது. ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் பியானோ வாழ்க்கை முடிந்ததற்கும் இதுவே காரணம் என்று பலர் கருதுகிறார்கள். முன்பு சொன்ன எல்பெர்ட்டே 1998இல் இத்தகையவர்களைச் சோதித்தார். மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் உரிய இடங்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கலந்திருந்தன. சிறு வயதில் இது அரிது, பயமுறுத்தவில்லை. நான்கு மணி நேரத்தை இடைவெளி விட்டுப் பிரியுங்கள், விரல் தடுமாறினால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

#22 கடைமடை (திருவாரூர்)

எல்லாப் பதிவுகளையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார், திஸ்ரநடை டீச்சரை அவருக்குப் பிடித்துவிட்டது. ஐ.க்யூ.வை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் சேர்க்கலாம் என்றே தோன்றுகிறது. மகள் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பவள்.

நேற்று அந்த நிலையத்துக்குப் போய், ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். பெற்றோர் உள்ளே வரக் கூடாதாம். ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியரா என்று கேட்டதற்கு, பத்துப் பதினைந்து பேருக்கு ஒரு கீபோர்டு ஆசிரியர் என்றார்கள். ஓர் ஆண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டாம். டீச்சர், ஆறு வயதுக்கு எது சரி? வாய்ப்பாட்டா, வாத்தியமா?

#23 திஸ்ரநடை (திருச்சி)

வகுப்பைப் பார்க்க விடாத இடத்தில் ஓராண்டுக் கட்டணம் கட்டாதீர்கள்.

ஆறு வயதுக்கு வாய்ப்பாட்டில் தொடங்குங்கள், செலவும் இல்லை. குரல் எட்டும் சுருதியில் பாடவையுங்கள், ஆசிரியரின் சுருதிக்கு இழுக்கக் கூடாது. வீணை இப்போது வேண்டாம், கை எட்டாது, கம்பியை மெட்டுகளில் அழுத்தி விரல் வலித்து வெறுத்துவிடுவாள். வயலின் என்றால் சிறிய அளவுகள் கிடைக்கின்றன. தட்டிக்கொண்டே இருப்பவள் என்கிறீர்கள், ஒரு வருடம் பாட்டோடு தாளம் போட்டுப் பழகட்டும், பிறகு மிருதங்கம் கேட்டால் தடுக்காதீர்கள். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று உறவில் யாராவது சொல்வார்கள், அதையும் காதில் வாங்காதீர்கள். வீட்டில் தினம் கால் மணி நேரம் போதும். இரண்டு வருடமாவது விடாமல் நடக்க வேண்டும், அந்த லாஸ் ஏஞ்சலஸ் பிள்ளைகளுக்கே அவ்வளவு ஆகியிருக்கிறது.

மாவட்ட அரசு இசைப்பள்ளியில் சேர இன்னும் வயதாகவில்லை, அங்கே பன்னிரண்டு நிறைந்திருக்க வேண்டும். ஆனால் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் பல மாவட்டத் தலைநகர்களில் நடக்கிறது. ஐந்து வயதிலிருந்து சேர்த்துக்கொள்கிறார்கள், பாட்டு, நடனம், ஓவியம் எல்லாம் உண்டு, கட்டணம் மிகக் குறைவு. திருவாரூரில் எங்கே, எந்தக் கிழமை என்று முதலில் அங்கே விசாரியுங்கள்.

#24 கடைமடை (திருவாரூர்)

இது ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. சனிக்கிழமை விசாரித்துவிட்டு எழுதுகிறேன் டீச்சர். மிருதங்கத்துக்கும் அங்கேயே ஆள் இருக்கிறாரா என்று மகள் இப்போதே கேட்கச் சொல்கிறாள்.